பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு: ஒரு ஃபைலும் தொலையாமல் மாறும் வழி

கொடைக்கானல் மலையில் கணினி வைத்துத் தொழில் செய்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினாலும், திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தாண்டிக்குடியில் காபிக் கொள்முதல் கணக்கு எழுதும் கணினி, மூஞ்சிக்கல்லில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் கணினி, வில்பட்டிப் பக்கம் தங்கும் விடுதியின் பதிவேட்டைச் சுமக்கும் கணினி என எதை எடுத்தாலும், உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் பெரும்பாலும் காரணம். அந்த இடத்தில், நினைவகச் சில்லுகளால் ஆன எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவியை வைத்தால், பல வருடம் உழைத்த கணினிகூட ஒரு நிமிடத்துக்குள் வேலைக்குத் தயாராகிவிடும். இது பலருக்கும் தெரியும். தெரிந்தும் தள்ளிப்போடுகிறார்கள். "உள்ளே இருப்பதெல்லாம் போய்விட்டால் என்ன செய்வது?" என்ற பயம் அவர்களைத் தடுக்கிறது.

அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். தொழில் தொடங்கிய நாள் முதலான கணக்கும், பிள்ளைகளின் சிறுவயதுப் படங்களும், மறைந்த பெரியவர்களின் குரல் பதிவும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும்போது யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் டிஸ்க்கை மாற்றும்போது தரவு தொலைந்துபோன கதைகளைக் கிளறிப் பார்த்தால், அந்தத் தரவு ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருந்தது என்பதுதான் அடியில் கிடக்கும் காரணம். ஆகவே இந்த வேலை முழுவதும் ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்த நிமிடத்தில் என் தரவு எத்தனை தனித்தனி டிஸ்க்குகளில் இருக்கிறது? எந்தக் கட்டத்திலும் விடை "ஒன்று" என்று ஆகிவிடக் கூடாது. அதைப் பார்த்துக்கொண்டால் மீதி திருப்புளி வேலைதான்.

சுழலும் தட்டும் மலைக்காற்றும்

ஹார்ட் டிஸ்க் என்பது காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழலும் கருவி. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து சுமார் ஐம்பது லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இன்று மடிக்கணினியில் இருப்பது 2.5 அங்குல டிஸ்க், பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. மேசைக் கணினியில் 3.5 அங்குலம், பெரும்பாலும் 7,200 சுற்று. உருவம் சிறுத்தாலும் முறை மாறவில்லை. வாசிக்கும் முனை சரியான வளையத்துக்கு நகர வேண்டும். தேவையான இடம் சுழன்று அதற்கு அடியில் வந்து சேர வேண்டும். இப்படி ஒருமுறை தேடிப் பிடிக்க ஏறக்குறைய பத்து மில்லி விநாடி ஆகிறது. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுகிறது. தாமதம் அங்கேதான் பிறக்கிறது. எஸ்எஸ்டியில் நினைவகச் சில்லுகள் மட்டுமே இருக்கின்றன, அசையும் பாகம் எதுவும் கிடையாது. அதே தேடலை அது நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடித்துவிடுகிறது.

மலையில் வாழ்பவர்கள் இதில் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாசிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுழலும் வேகத்தில் உண்டாகும் மெல்லிய காற்றுப் படலத்தின்மேல் அது மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமன் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு. ஹார்ட் டிஸ்க் காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஹீலியம் நிரப்பிய பெரிய வகைகளை விட்டுவிட்டால், சாதாரண டிஸ்க்குகளில் வெளிக்காற்றோடு அழுத்தத்தைச் சமப்படுத்திக்கொள்ள வடிகட்டியுடன் ஒரு சிறு துளை இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. முனையைத் தாங்கும் படலமும் அதற்கேற்ப மெலிகிறது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் இயங்கும் உயரத்துக்குப் பெரும்பாலும் சுமார் 3,000 மீட்டர் என்று வரம்பு வைக்கிறார்கள். கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். வரம்புக்குள் இருப்பதால் அச்சப்பட வேண்டியதில்லை. ஆனாலும் வத்தலக்குண்டு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில், அணைக்காத மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகும் வழக்கம் இங்கே பலருக்கு உண்டு. சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் முனைக்கு ஒரு குலுக்கல் போதும். எஸ்எஸ்டியைப் பரிந்துரைக்கும்போது வேகத்துக்கு இணையாக இந்தக் காரணத்தையும் நான் சொல்கிறேன்.

காப்பி, இமேஜ், குளோன்

புதிதாக இதில் இறங்குபவர் இயல்பாக நினைப்பது இதுதான்: பழைய டிஸ்க்கின் சி டிரைவைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, புதியதில் ஒட்டிவிட்டால் போதாதா? போதாது. ஏன் என்று புரிந்துகொள்வதுதான் இந்த வேலையின் சாரம்.

ஒரு டிஸ்க் பல பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இவற்றைப் பார்ட்டிஷன் என்கிறோம். நீங்கள் பார்ப்பது சி, டி ஆகிய இரண்டு பிரிவுகளை மட்டும். இப்போதைய கணினிகளில் அவற்றுக்கு முன்னால் இஎஃப்ஐ என்ற சிறு பிரிவு மறைவாக இருக்கிறது. பெரும்பாலும் 100 எம்பி அளவுதான். கணினி உயிர்பெற்றதும் முதலில் தேடுவது அதைத்தான். விண்டோஸ் எங்கே இருக்கிறது, எப்படித் தொடங்க வேண்டும் என்ற குறிப்பு அங்கே இருக்கிறது. பழுதானால் மீட்கும் கருவிகளுக்காக இன்னொரு மறைவுப் பிரிவும் உண்டு. இவற்றோடு, எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் அட்டவணையும் டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்கும். ஃபைல்களை இழுத்துப் போடும்போது இவற்றில் ஒன்றுகூட வராது. சி டிரைவுக்குள்ளேயே விண்டோஸ் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பல ஃபைல்கள் காப்பியாக மறுத்துவிடும். இப்படி நிரப்பிய எஸ்எஸ்டியைப் பொருத்தினால், தொடங்குவதற்கு எதுவும் இல்லை என்று கணினி சொல்லிவிடும்.

சரி, விண்டோஸைப் புதிதாக நிறுவிக்கொண்டு சொந்த ஃபைல்களை மட்டும் கொண்டுவந்தால்? இது நல்ல வழிதான்; வைரஸ் புகுந்து குழம்பிய கணினிக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் சொந்த ஃபைல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று நமக்கு முழுமையாகத் தெரியாது. டேலிக் கணக்குகள் டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த மென்பொருளுக்கென்று உள்ள தனி ஃபோல்டரில் இருக்கும். அவுட்லுக் மின்னஞ்சல்கள் மறைவான ஓரிடத்தில் ஒரே பெரிய ஃபைலாகக் கிடக்கும். அச்சகங்களின் நிலைமை இதைவிடச் சிக்கலானது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பத்திரிகைகள், சுவரொட்டிகள், கோயில் மலர்கள் எல்லாம் உண்மையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. ஃபைல் பத்திரமாக வந்து, அதன் எழுத்துரு வராமல் போனால், திறக்கும்போது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அழிக்காதீர்கள். பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரை எடுத்து அந்த எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் திரும்பிவிடும்.

இந்தத் தேடல் எதுவும் வேண்டாம் என்றால் குளோன் செய்வதே வழி. குளோன் என்றால் பழைய டிஸ்க்கின் அட்டவணை, மறைவுப் பிரிவுகள், விண்டோஸ், மென்பொருள்கள், எழுத்துருக்கள், ஃபைல்கள் அனைத்தையும் இருந்த இருப்பிலேயே புதிய டிஸ்க்கில் எழுதுவது. காபி நாற்றை வேர்மண்ணோடு பெயர்த்து வேறு குழியில் வைப்பதைப்போல என்று சொன்னால் தாண்டிக்குடிக்காரர்களுக்கு உடனே புரியும். முடிந்ததும் புதிய டிஸ்க் நேராகப் பழையதன் இடத்தில் அமர்ந்து வேலை செய்யும்.

இமேஜ் என்பது இதற்கு நெருங்கிய உறவு. டிஸ்க் முழுவதையும் ஒரு தொகுப்பாகச் சுருக்கி வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் சேமித்து வைப்பது அது. நேராக அதிலிருந்து கணினியைத் தொடங்க முடியாது. ஆனால் தேவைப்படும் நாளில் எந்தப் புதிய டிஸ்க்கிலும் விரித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு டிஸ்க்குக்கு மட்டும் இடமுள்ள கணினியில், இரண்டையும் ஒரே நேரத்தில் இணைக்க வழியில்லாதபோது இமேஜ்தான் கைகொடுக்கும்.

குளோன் செய்துவிட்டால் பேக்கப் எடுத்ததாக ஆகிவிடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளோன் செய்யும் நேரத்தில் ஏதாவது தவறினால் காப்பாற்ற மூன்றாவது ஒரு டிஸ்க் வேண்டும். மூலத்தை மதிப்பதற்கும் நகலைப் பெருக்குவதற்கும் நல்ல முன்மாதிரி நம் மலையிலேயே இருக்கிறது. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம், 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்த இடம். 1904 முதல் அங்கே எடுத்துச் சேர்த்த சூரியனின் படங்கள் டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் பயன்படுத்த முடிகிறது. டிஜிட்டல் நகல் வந்துவிட்டது என்பதற்காக மூலத் தகடுகளைக் கைவிடவில்லை. சின்னக் கடையின் கணக்குக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாம்.

வாங்குவதற்கு முன்

மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்கி வாங்கிவந்த பொருள் பொருந்தாவிட்டால் மறுபடியும் ஒரு நாள் போய்விடும். ஆகவே முதலில் கணினியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அது எந்த வகையை ஏற்கும் என்று பாருங்கள். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இருக்கும் மடிக்கணினிக்கு 2.5 அங்குல சாட்டா (ஹார்ட் டிஸ்க் இணையும் அதே இணைப்பு முறை) எஸ்எஸ்டி நேராகப் பொருந்தும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனாகவும் புதியது 7 மில்லிமீட்டராகவும் இருந்தால் கொஞ்சம் ஆடும். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொள்ளலாம். எம்.2 என்ற மெல்லிய பட்டை வகையில்தான் ஏமாற்றம் அதிகம். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் சாட்டா, அதைவிட வேகமான இணைப்பு முறையான என்விஎம்இ என்று அதில் இரண்டு இனம். தங்க நிற முனையில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. மேலே 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள்.

சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி வரை வாசிக்கும். நல்ல என்விஎம்இ 3,500 எம்பியைத் தாண்டும். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்; அந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் கணக்கு எழுதும் கடையில் தெரியாது.

கொள்ளளவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 500 ஜிபி டிஸ்க்கைக் குளோன் செய்ய 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினால், பழையதில் பாதி காலியாக இருந்தாலும் பல மென்பொருள்கள் இலக்கு சிறியது என்று நின்றுவிடும். பிரிவைச் சுருக்கிவிட்டு மறுபடி முயலலாம்தான். ஆனால் ஒரே நகல் இருக்கும் பழைய டிஸ்க்கில் பிரிவுகளைச் சுருக்குவதும் நகர்த்துவதும் நம் கேள்விக்கு எதிரான வேலை. பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ வாங்கிவிடுங்கள். 1 டிபி என்று எழுதிய டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024ஆல் வகுத்துக் காட்டுகிறது.

எஸ்எஸ்டியோடு, சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் கேபிள் ஒன்றும், பேக்கப்புக்கு ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிக்கொள்ளுங்கள். பேக்கப்பை இணையத்தில் ஏற்றிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். விநாடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகம் இருந்தால் 300 ஜிபி போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள் இடைவிடாமல் ஓட வேண்டும். மலையில் இணைப்பு அவ்வளவு நேரம் நிற்கும் என்று நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம்.

டிஸ்க்கின் உடல்நிலை

அவசரப்படுபவர்கள் தாண்டிப்போகும் கட்டம் இது. குளோன் செய்வது என்றால் பழைய டிஸ்க்கை முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை ஒரே மூச்சில் வாசிப்பது. நலமான டிஸ்க்குக்கு அது சாதாரண வேலை. தேய்ந்த டிஸ்க்குக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம். ஆகவே முதலில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுப் பாருங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்ற பதிவை அது காட்டும். நீல நிறத்தில் நலம் என்று காட்டினால் தொடரலாம். மஞ்சள் நிறத்தில் எச்சரித்தால், கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், வாசிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையும் பூஜ்யத்தைத் தாண்டிவிட்டன என்று பெரும்பாலும் பொருள்.

மஞ்சள் தெரிந்த நிமிடமே வரிசை மாறுகிறது. குளோனை மறந்துவிட்டு, ஈடு செய்ய முடியாத ஃபைல்களை முதலில் வெளிப்புற டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள்: கணக்கு, படங்கள், பத்திரங்களின் ஸ்கேன். சினிமாவும் மென்பொருளும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டிஸ்க்கைச் சரிசெய்கிறேன் என்று பழுதுபார்க்கும் கட்டளைகளை அதன்மேல் ஓடவிடாதீர்கள். அவை டிஸ்க்கில் எழுதும், எழுதுவது நிலைமையை மோசமாக்கலாம். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. வாசிக்க முடிந்த பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைத் தள்ளிவைத்து, பிறகு திரும்பிவந்து முயலும். எங்கே நிறுத்தியது என்று குறித்துக்கொள்வதால், நடுவில் நின்றாலும் அங்கிருந்தே தொடரும். தேய்ந்த டிஸ்க்குக்கு இதைவிடப் பரிவான கருவியை நான் அறியேன்.

டிக், டிக் என்று சீராகத் தட்டும் ஓசை கேட்டால் எந்தக் கருவியும் வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள். வாசிக்கும் முனையில் கோளாறு இருக்கக்கூடும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தட்டில் கீறல் விழ வாய்ப்பிருக்கிறது. உள்ளிருப்பது விலைமதிப்பற்றது என்றால் தூசியில்லா அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். வீட்டில் மூடியைத் திறந்து பார்ப்பது கூடவே கூடாது.

டிஸ்க் நலமாக இருந்தால், முழு பேக்கப்பை வெளிப்புற டிஸ்க்கில் எடுத்து, அதில் சில ஃபைல்களை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு, அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். குளோன் நடக்கும்போது அது கணினியில் செருகப்பட்டிருக்கவே கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இப்போது நம் கேள்விக்கு விடை இரண்டு.

சாவி இல்லாமல் டிஸ்க்கைப் படிக்க முடியாதபடி செய்யும், விண்டோஸ் தரும் பிட்லாக்கர் பூட்டைப் பற்றி ஒரு சொல். புதிய கணினிகளில் உரிமையாளருக்குத் தெரியாமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். அமைப்புகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பகுதியைப் பாருங்கள். இயக்கத்தில் இருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பூட்டை முழுவதும் அணைத்து, அது விலகி முடியும்வரை பொறுத்திருங்கள். சில மணி நேரம் ஆகலாம். எல்லாம் முடிந்தபின் புதிய டிஸ்க்கில் மறுபடி பூட்டிக்கொள்ளலாம்.

குளோன் செய்யும் நாள்

முதலில் நாளிதழைப் பாருங்கள். துணை மின்நிலையங்களின் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள் அன்றாக இருக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுவது எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே மேசைக் கணினிக்கு யுபிஎஸ் இருக்கட்டும். மடிக்கணினியில் சார்ஜ் முழுமையாக இருக்கட்டும், வயரும் செருகியிருக்கட்டும். நடுவில் மின்சாரம் போய்விட்டாலும் மனம் உடைய வேண்டாம். குளோன் செய்யும்போது பழைய டிஸ்க் வாசிக்கப்படுகிறதே தவிர எழுதப்படுவதில்லை. அரைகுறையாக நின்றது புதிய டிஸ்க்தான்; மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். பழையதில் பிரிவுகளை நகர்த்திக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருந்தால் கதை வேறு. அதனால்தான் பழையதில் கை வைக்காதீர்கள் என்று முன்பே சொன்னேன்.

மார்கழி, தை மாதங்களில் இரவெல்லாம் காரில் கிடந்து சில்லிட்ட டிஸ்க்கையோ மடிக்கணினியையோ கணப்பு மூட்டிய அறைக்குள் கொண்டுவந்ததும் இயக்கக் கூடாது. குளிர்ந்த உலோகத்தின்மேல் அறைக்காற்றின் ஈரம் நீராகப் படியும். உறையைப் பிரிக்காமல் சில மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை, சாம்சங் எஸ்எஸ்டி வாங்கியவர்களுக்கு அந்த நிறுவனமே இலவசமாக ஒன்றைத் தருகிறது. வேறு சில நிறுவனங்கள் அக்ரோனிஸ் மென்பொருளைத் தங்கள் டிஸ்க்கோடு தருகின்றன. தொடக்கநிலையில் இருப்பவருக்கு இவையே எளிது, ஏனென்றால் இலக்கில் இடம் மிஞ்சினால் சி டிரைவைத் தாமே பெரிதாக்கிவிடும். எந்த நிறுவனத்தின் டிஸ்க்குக்கும் பொருந்துவது குளோன்ஸில்லா. தைவானில் உருவான இந்தக் கட்டற்ற மென்பொருளைப் பென் டிரைவில் எழுதி, விண்டோஸுக்கு வெளியே இயக்க வேண்டும். திரை கறுப்பு வெள்ளையாக இருக்கும். கேட்கும் கேள்விகள் துல்லியமானவை. அதற்குமுன் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அடுத்த தொடக்கத்தை விரைவாக்குவதற்காகப் பாதித் தூக்கத்திலேயே இருக்கும். அந்த நிலையில் குளோன்ஸில்லா மறுக்கும்.

இனி இந்த வேலையிலேயே உண்மையாக அபாயமான ஒரே கட்டம். எது மூலம், எது இலக்கு என்று மென்பொருள் கேட்கும். இலக்கில் இருப்பது எல்லாம் அழியும். திசையை மாற்றிச் சொன்னால் காலியான எஸ்எஸ்டியின் வெறுமை பழைய டிஸ்க்கின்மேல் எழுதப்படும். பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வைக்கச் சொன்னதும் இதனால்தான். அது செருகியிருந்தால் இலக்குப் பட்டியலில் அதுவும் வந்து நிற்கும். கணினியில் மூலமும் இலக்கும் தவிர வேறு டிஸ்க் இருக்க வேண்டாம். இரண்டின் நிறுவனப் பெயரையும் கொள்ளளவையும் காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவு என்றால் வரிசை எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். திரையில் வருவதை வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் இருப்பவரைக் காகிதத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அதன்பிறகு சம்மதம் கொடுங்கள்.

யுஎஸ்பி கேபிளை நீல நிறமுள்ள வேகத் துளையில் செருகினால், 500 ஜிபி விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். பழைய யுஎஸ்பி துளையில் நான்கு மணி நேரத்தைத் தாண்டலாம். அதுவரை கணினியில் வேறு வேலை பார்க்காதீர்கள்.

முதல் தொடக்கம்

முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைப் பொருத்துங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டாம். குளோன் என்பதால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கலாம், விண்டோஸ் குழம்பும். எதிலிருந்து தொடங்கியது என்று உங்களுக்கும் தெரியாது.

தொடங்கவில்லை என்றால் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், தொடங்கும் வரிசையில் புதிய டிஸ்க் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருக்கும் சாட்டா இயங்குமுறை, யுஇஎஃப்ஐ என்ற தொடங்கும் முறை ஆகிய அமைப்புகள் முன்பு எப்படி இருந்தனவோ அப்படியே இருக்க வேண்டும். அவற்றை மாற்றினால்தான், விண்டோஸ் தொடங்க முடியாமல் நின்றுவிடும் நீலத் திரை வரும். பெரிய எஸ்எஸ்டியில் சி டிரைவ் பழைய அளவிலேயே நின்று மீதி இடம் ஒதுக்கப்படாமல் கிடந்தால், மீட்புப் பிரிவு நடுவில் குறுக்கே நிற்கிறது என்று பொருள். ஜிபார்ட்டெட் என்ற இலவசக் கருவியால் அதைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு சி டிரைவை நீட்டலாம். இந்த நகர்த்தலைப் புதிய டிஸ்க்கில் தயங்காமல் செய்யலாம். கெட்டாலும் பழையது கையில் இருக்கிறது. விண்டோஸ் உரிமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். டிஜிட்டல் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டோடு பிணைந்தது. டிஸ்க் மாறினால் மறுபடி வாங்கத் தேவையில்லை.

பிறகு நிதானமாகச் சோதியுங்கள். டேலியில் நேற்று போட்ட கடைசிப் பதிவு இருக்கிறதா? மிகப் பழைய படம் ஒன்று திறக்கிறதா? பாமினியில் அடித்த பத்திரிகை தமிழாகவே தெரிகிறதா, அச்சாகிறதா? ஃபைல்களின் எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் நம்பிவிடாதீர்கள், திறந்து பாருங்கள்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது

ஒரு மாதமாவது தொடாதீர்கள். தேதி எழுதி ஒட்டி, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மூடுபனிக் காலத்தில் மலை வீடுகளின் அலமாரிக்குள்ளும் ஈரம் ஏறிவிடும். அதன்பின் அதையே பேக்கப் டிஸ்க்காக வைத்துக்கொள்வது நல்லது. எஸ்எஸ்டிக்கு மாறியவர்களுக்குப் பேக்கப் முன்பைவிட அவசியம். ஹார்ட் டிஸ்க் பல நேரம் முனகியும் தயங்கியும் முன்னறிவிப்புக் கொடுக்கும். எஸ்எஸ்டி ஓசையே இல்லாமல் ஒரு காலையில் காணாமல் போகலாம். தவறி அழித்த ஃபைலை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பல நேரம் மீட்கலாம்; எஸ்எஸ்டியிலிருந்து மீட்பது அரிது. அழித்த இடங்களை டிரிம் என்ற கட்டளை விரைவில் துடைத்துவிடுகிறது.

கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தால், முதலில் அழியுங்கள். விடுதி நடத்துபவர்களின் டிஸ்க்கில் அறை எடுத்தவர்களின் ஆதார் நகல்கள் இருக்கும். அவை உங்களை நம்பிக் கொடுத்தவை. குயிக் ஃபார்மட் பட்டியலை மட்டும்தான் அழிக்கும், உள்ளடக்கம் அப்படியே இருக்கும். ஃபார்மட் செய்யும்போது குயிக் என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டால், விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிந்தைய பதிப்புகள் அந்தப் பிரிவு முழுவதும் பூஜ்யத்தை எழுதும். சி, டி என்று எல்லாப் பிரிவுகளுக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். பல மணி நேரம் ஆகும். இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம். டிஸ்க் பழுதாகி ஃபார்மட்டே ஆகவில்லை என்றால் பழைய இரும்புக்குப் போடாமல், தட்டுகளைத் துளையிட்டபின் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.